57 ஷெவி பெல் ஏர், 1/25 கிட்: பாடிக்காகவே வாங்கலாம்

பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் கார் கிட் எதுவானாலும் பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் கையில் எடுப்பது பாடியைத்தான். எஞ்சின், சக்கரம், பளபளக்கும் க்ரோம் பாகங்கள் எல்லாம் அப்புறம். பாடியை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பானெட் முனையிலிருந்து டிக்கி வரைக்கும் பார்வையை ஓட்டுவேன், டிங்கரிங் முடிந்த வண்டியை மேஸ்திரி பார்ப்பாரே, அந்த மாதிரி. 1957 ஷெவ்ரலே பெல் ஏரின் இந்த 1/25 கிட்டை, அதாவது நிஜக் காரில் 25ல் ஒரு பங்கு அளவுள்ளதை, அப்படிப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. கூரையின் வளைவு, அது பின் கண்ணாடியில் வந்து இறங்கும் இடம், அங்கிருந்து வால் துடுப்புகள் எழும்பும் கோணம், எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. பெட்டிக்குள் இருந்த வேறு எதைப் பார்த்தும் அந்தச் சந்தோஷம் வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் இதோடு உட்கார்ந்து, கட்டி முடித்த பிறகுதான் எழுதுகிறேன். பெட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு நல்லது கெட்டது சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கிட்டின் குணம் பசை போட்ட பிறகுதான் வெளியே வரும்.

தயாரிப்பாளர் பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் குறைகள் ஒரு கம்பெனியின் குறைகள் அல்ல, பழைய தலைமுறை அச்சுகள் பெரும்பாலானவற்றில் இருப்பவை. தவிர, இந்த மாதிரிப் பழைய அச்சுகள் கை மாறிக்கொண்டே இருக்கும். பெட்டியின் படம் புத்தம் புதிதாக இருக்கும், உள்ளே வரும் பிளாஸ்டிக் தாத்தா காலத்து எஃகு அச்சில் ஊற்றியதாக இருக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம் என்று போட்டிருந்து, உள்ளே முன் சக்கரங்களுக்கு ஒரு நீள இரும்புக் கம்பியும் இருந்தால், நான் பேசுவது அந்த வகையைப் பற்றித்தான்.

பாடி மட்டும் ஏன் இவ்வளவு சரியாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் இந்த வகைக் கிட் பொம்மைக் கடையில் பிறக்கவில்லை, கார் விற்கும் ஷோரூமில் பிறந்தது. ஏ.எம்.டி. கம்பெனி 1948ல் டெட்ராய்ட் பக்கம் தொடங்கியபோது அது செய்தது விற்பனையாளர்களுக்கான சிறு மாதிரி கார்களைத்தான். அந்த வருடத்துக் கார், அந்த வருடத்து நிறத்திலேயே, மேஜை மேல் வைக்கும் அளவில். வாடிக்கையாளர் வந்து நின்று ஜன்னலுக்கு வெளியே நிற்கும் காரையும் மேஜை மேல் இருக்கும் காரையும் மாறி மாறிப் பார்ப்பார். கோடு ஒன்று பிசகினாலும் தெரிந்துவிடும். அதனால் கார் கம்பெனியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 1958ல் அதே ஏ.எம்.டி. அந்த மாதிரி காரையே பிரித்த பாகங்களாகப் பெட்டியில் போட்டு, ஷோரூமில் வந்தபடி, அலங்காரம் செய்தபடி, பந்தயத்துக்கு ஏற்றபடி என்று மூன்று விதமாகக் கட்டலாம் என்று விற்க ஆரம்பித்தது. மோனோகிராம், ரெவெல், எம்.பி.சி. போன்ற கிட் கம்பெனிகளும் அந்தச் சந்தையில் இறங்கின. பாடியை முதலில் பெரிதாக மரத்தில் செதுக்கி, பான்டோகிராஃப் இயந்திரம் வழியாகச் சிறிதாக்கி எஃகில் வெட்டிய காலம் அது. என் கிட்டின் அச்சும் அந்தப் பழக்கத்தில் தேறிய கைகள் வெட்டியதுதான், துடுப்பின் முதுகில் விரலை வைத்து இழுத்தாலே தெரிகிறது.

கண் சொன்னதைக் கேலிப்பர் என்ற அளவுகருவியிலும் சரிபார்த்தேன். நிஜக் காரின் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவே 115 அங்குலம், அதாவது 2921 மில்லிமீட்டர். 25ஆல் வகுத்தால் 116.8. என் பாடியில் சக்கர வளைவுகளின் மையத்துக்கு மையம் 117க்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தது. மொத்த நீளம் 200 அங்குலம், 1/25ல் 203 மில்லிமீட்டர், அதுவும் பம்பர் மாட்டியபின் சரியாக வந்தது. இந்த அளவில் வேலை செய்பவர்கள் ஒரு கணக்கை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும்: இங்கே 1 மில்லிமீட்டர் என்றால் அங்கே 25 மில்லிமீட்டர், ஒரு கட்டைவிரல் அகலம். பானெட் இடுக்கில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் நிஜக் காரில் விரலே உள்ளே போகும் ஓட்டை அது.

அந்த ஓட்டை இந்தக் கிட்டில் இருந்தது. பானெட் வலது பக்கம் அழகாக உட்கார்ந்தது, இடது பக்கம் வாய் பிளந்து நின்றது. வளைந்திருக்கிறதோ என்று கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், வளையவில்லை, பாகமே குறுகல். கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை இடது விளிம்பில் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்து, இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரும் வரை மூன்று சாயங்காலம் போனது. பானெட்டின் மேல் ராக்கெட் மாதிரி இரண்டு நீள அலங்காரம் உண்டு, 57க்கே உரிய அடையாளம், தேய்க்கும்போது அதில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சின் இரண்டு பாதிகள் சேரும் கோடு பாடியின் மேல் ஓடுவதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. இதில் அது முன் மட்கார்டின் உச்சியில் தொடங்கி, கூரைத் தூணில் ஏறி, துடுப்பின் முதுகு வழியாகப் பின்னால் போகிறது. வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே தெரியாது. பெயின்ட் அடித்த மறுநாள் தழும்பு மாதிரி எழுந்து நிற்கும். கத்தியைக் குப்புற வைத்துச் சுரண்டி எடுத்தேன். துடுப்பின் உச்சியில் மட்டும் கவனம் வேண்டும், அங்கே க்ரோம் பட்டைக்கான மேடு மெல்லியதாக இருக்கிறது, கோட்டோடு சேர்ந்து அதுவும் போய்விட்டால் பின்னால் ஃபாயில், அதாவது க்ரோம் போல மின்னும் மெல்லிய உலோகத் தாள், ஒட்டப் பிடிமானம் இருக்காது. சக்கர வளைவின் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், கணக்குப் போட்டால் நிஜத்தில் ஓரங்குலத் தகடு. உள் பக்கமாகச் சாய்வாகச் சுரண்டி விளிம்பை மட்டும் மெலிதாக்கினேன். சின்ன வேலை, ஆனால் கார் உடனே பொம்மைத்தனத்தை விட்டுவிடுகிறது.

சரி, பாடிக்குக் கீழே வருவோம். சேஸிஸ் ஏமாற்றம். சைலன்சரும் எக்ஸாஸ்ட் குழாயும் தனிப் பாகம் இல்லை, தரையோடு சேர்த்தே ஊற்றியிருக்கிறார்கள், பாதிக் குழாய் தரையில் புதைந்த மாதிரி இருக்கிறது. முன் சக்கரங்களை இணைக்கும் அந்த இரும்புக் கம்பி எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போகிறது. சக்கரம் உருள வேண்டும் என்ற பொம்மைக் காலத்து எண்ணத்தின் மிச்சம் அது. உட்புறம் ஒரு குளியல் தொட்டி மாதிரி ஒரே பாகம், கதவின் உள்பக்க வடிவங்கள் மேலோட்டமாகக் கீறியதுபோல இருக்கின்றன, தரை வேண்டியதைவிட மேலே இருப்பதால் சீட்டுகள் குட்டையாகிவிட்டன. கண்ணாடி முன்னும் பின்னும் ஒரே வார்ப்பு, ஓரத்தில் தடிமனாக, பூதக்கண்ணாடி போல உள்ளே இருப்பதை வளைத்துக் காட்டுகிறது. உப்புத்தாளில் தொடங்கி பாலிஷ் துணி வரை தேய்த்து, தெளிவான அக்ரிலிக் தரை பாலிஷில் முக்கி எடுத்த பிறகு பரவாயில்லை. விளக்கக் காகிதத்தில் படம் மட்டும்தான், எந்தப் பாகத்துக்கு என்ன நிறம் என்று ஒரு வார்த்தை இல்லை.

இதில் நான் கட்டாயம் சரி செய்யச் சொல்வது ஒன்றைத்தான், காரின் உயரம். கிட்டில் உள்ளபடியே மாட்டினால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. 1957ல் ஷெவ்ரலே சக்கரத்தை 15 அங்குலத்திலிருந்து 14 அங்குலத்துக்கு இறக்கியதே வண்டி தாழ்வாகத் தெரியட்டும் என்றுதான், அந்தத் தாழ்வுதான் 55, 56ஐவிட 57ஐ நீளமாகக் காட்டுகிறது. அதைக் கெடுத்துவிட்டால் இவ்வளவு நல்ல பாடி இருந்தும் பயனில்லை. கம்பி போகும் துளையை அடைத்துவிட்டு ஒன்றரை மில்லிமீட்டர் மேலே புதுத் துளை போட்டேன். எண்ணெய்த் தொட்டியில் இருந்த துளையைப் பட்டி வைத்து மூடி, கம்பியை இரண்டு துண்டாக வெட்டி இரு பக்கமும் தனித்தனியாக ஒட்டிவிட்டேன். சக்கரம் இனி உருளாது. அலமாரியில் நிற்கும் கார், உருள வேண்டிய அவசியமும் இல்லை.

இனி பெயின்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கார் தேறுவதும் தோற்பதும் இங்கேதான்.

அந்த வருடத்து நிற அட்டையில் ட்ராபிகல் டர்க்காய்ஸ், லார்க்ஸ்பர் ப்ளூ, மேடடோர் ரெட், சர்ஃப் க்ரீன், கொரொனாடோ எல்லோ, ஓனிக்ஸ் ப்ளாக் என்று பெயர்களே ஆசையைக் கிளப்பும். நான் எடுத்தது டர்க்காய்ஸ் உடம்பு, இந்தியா ஐவரி கூரை. பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, டாமியா கம்பெனியின் ஃபைன் ப்ரைமரை, அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, மெல்லியதாக இரண்டு கோட்டு அடித்தேன். அதன் பிறகு நிறத்துக்குப் போகாமல் நிறுத்திவிட்டு, முதலில் எழுத்துகளைப் பார்த்தேன்.

பின் மட்கார்டில் பெல் ஏர் என்று சாய்வெழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மொத்த நீளம் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். எழுத்தின் கோடு தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். இதைப் பெயின்ட் அடித்த பிறகு பிரஷ்ஷால் தொட்டு நிறம் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு, எவ்வளவு நிதானமான கையானாலும் எழுத்தின் ஓரம் கசிந்துவிடும். வேறு வழி இருக்கிறது. ப்ரைமர் காய்ந்ததும் பேர்-மெட்டல் ஃபாயில் ஒரு சிறு துண்டை வெட்டி எழுத்தின் மேல் போட்டு, பல்குச்சியின் முனையால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் அழுத்திப் பதிய வைக்க வேண்டும். ஃபாயில் எழுத்தோடு எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள அதிகப்படியை வெட்டி எடுத்துவிட்டு, அதன் மேலேயே நிறத்தை அடித்துவிடலாம், எழுத்து காணாமல் போய்விடும். நிறம் நன்றாகக் காய்ந்தபின், பருத்தித் துணியை விரல் நுனியில் இறுக்கிச் சுற்றி, தின்னரை ஒரு சொட்டுக்கும் குறைவாகத் தொட்டு, ஈரம் கிட்டத்தட்ட போன பிறகு எழுத்தின் முகட்டில் மட்டும் மெதுவாக, மிக மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதலில் எதுவும் நடக்காது. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு டர்க்காய்ஸுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளிப் பொட்டு தெரியும், அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் முழுப் பெயரும் எழுந்து வரும். எத்தனை கார் கட்டினாலும் அந்த நிமிடத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருப்பேன். பெல் ஏரில் அந்த எழுத்து தங்க நிறம், ஆகவே வெளியே வந்த வெள்ளியின் மேல் டாமியா க்ளியர் மஞ்சளில் க்ளியர் ஆரஞ்சு துளி கலந்து ஒரு தொடல். முன் மட்கார்டில் இருக்கும் மூன்று சிறு அம்புகளும் அப்படியே தங்கமானவை.

நிறத்தை ஸ்ப்ரே கேனில் அடிப்பவர்கள் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு அடித்தால் துளி சன்னமாக விழும். கொதிக்கும் நீர் கூடாது, அடுப்புப் பக்கமே போகக் கூடாது. நான் ஏர்பிரஷ்ஷில் லாக்கர் அடித்தேன். கோட்டுகளை அடுக்கிக்கொண்டே போகும் ஆசையை அடக்க வேண்டும். பெயின்ட் படலம் 0.1 மில்லிமீட்டர் ஆனால் நிஜ அளவில் இரண்டரை மில்லிமீட்டர் பூச்சு பூசின மாதிரி, கதவுக் கோடுகள் எல்லாம் நிரம்பித் தூர்ந்துவிடும். இந்தக் கிட்டில் கதவுக் கோடு ஏற்கெனவே ஆழம் போதாது, பெயின்டுக்கு முன் கத்தியின் முதுகால் நாலைந்து தடவை இழுத்து ஆழப்படுத்திக்கொள்வது நல்லது. கூரைக்கு ஐவரியை முதலில் அடித்து, காய்ந்தபின் அதை மறைத்துவிட்டு டர்க்காய்ஸ் அடித்தேன். வெளிர் நிறம் முதலில், அடர்ந்தது பிறகு. மாஸ்கிங் டேப்பை உருவும்போது நேர் மேலே இழுக்காமல் தன் மேலேயே மடித்து உருவினால் ஓரம் பிய்ந்து வராது.

எல்லாம் காய்ந்து, க்ளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு அடித்து, பாலிஷ் துணியில் 3200ஆம் எண் நைஸில் தொடங்கி 12000 வரை தண்ணீரோடு தேய்த்த பிறகு மிச்ச ஃபாயில். ஒரு வாரம் இதற்கே போனது. பெல் ஏருக்கும் அதைவிட மலிவான 210 மாடலுக்கும் வித்தியாசம் பக்கவாட்டில் இருக்கிறது: கதவில் தொடங்கிப் பின்னால் விரிந்துகொண்டு போகும் க்ரோம் கோடுகளுக்கு நடுவே பெல் ஏரில் வரி வரியான அலுமினியத் தகடு, 210ல் வெறும் பெயின்ட். இந்தக் கிட்டில் அந்த வரிகளை இவ்வளவு சன்னமாக எப்படி எஃகில் வெட்டினார்களோ, ஒன்றுகூட உடையாமல் கடைசி வரை போகிறது. அந்த இடத்துக்கு மங்கலான அலுமினிய ஃபாயில், சுற்றியுள்ள கோட்டுக்குப் பளபளப்பான க்ரோம் ஃபாயில். இரண்டையும் ஒரே ஃபாயிலில் முடித்தால் வேலை பாதியாகும், ஆனால் அந்தத் தகடு தனியாகத் தெரியாது. புது ப்ளேடு கட்டாயம். மழுங்கிய ப்ளேடு ஃபாயிலை வெட்டாமல் கிழிக்கும், அழுத்தினால் பெயின்ட்டில் கீறல் விழும். இந்தக் காருக்கு ஏழு ப்ளேடு மாற்றினேன்.

க்ரோம் பாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சு நல்ல பளபளப்பு, ஆனால் பம்பரின் நடுவிலேயே அச்சுக் கோடு ஓடுகிறது, அதைத் தேய்த்தால் க்ரோம் போய்விடும். முன் பம்பரை மட்டும் வீட்டு ப்ளீச்சில் போட்டு க்ரோமை முழுவதும் கழற்றிவிட்டு, கோட்டைத் தேய்த்து, கறுப்பு க்ளாஸ் அடித்து, அதன் மேல் க்ரோம் பெயின்ட் அடித்தேன். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, ப்ளீச்சோடு வேறு எந்தக் கழுவும் திரவமும் கலக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. கிரில்லை அப்படியே விட்டுவிட்டேன், 57 பெல் ஏரின் கிரில் வலை தங்க நிறம் என்பதால் க்ளியர் மஞ்சளும் ஆரஞ்சும் மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் கறுப்பை நீர்த்து ஓடவிட்டதும் வலையின் கண்கள் தனித்தனியாகத் திறந்துகொண்டன. ஹெட்லைட்டைச் சுற்றிய வளையத்தின் வலையையும் அப்படியே கறுக்க வைக்கலாம். அது அலங்காரம் மட்டும் அல்ல, உட்புறத்துக்குக் காற்று அந்த வழியாகத்தான் போகும், அந்த வருடத்தில்தான் காற்று வழியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

எஞ்சின், எதிர்பார்த்ததைவிட நல்லது. 283 கன அங்குல வி8. கிட்டில் ஒற்றை நான்கு-பேரல் கார்புரேட்டரும் இருக்கிறது, நிஜத்தில் அது 220 குதிரைத்திறன், அதே கார்புரேட்டர் இரண்டு வைத்த இன்னொரு மேல்பாகமும் இருக்கிறது, அதில் 270 வரை. கன அங்குலத்துக்கு ஒரு குதிரைத்திறன் என்று ஷெவ்ரலே பெருமையாக விளம்பரம் செய்த 283 குதிரைத்திறன் ராம்ஜெட் ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷன் இந்தப் பெட்டியில் இல்லை, எனக்கு அது குறைதான். ஆரஞ்சு நிறம் அடித்து, வால்வு மூடிகளின் இணைப்புக் கோட்டைச் சரிசெய்தால் போதும்.

ஒயரிங் கிட்டில் கிடையாது. ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு மொட்டைக் குச்சி. ஒயர் போடலாமா வேண்டாமா என்று கேட்டால், போடுங்கள் என்பேன், அதுவும் சரியான வரிசையில் போடுங்கள். இந்த எஞ்சினின் வெடிப்பு வரிசை, அதாவது எட்டு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம் முன்னாலிருந்து 1, 3, 5, 7, மறுபக்கம் 2, 4, 6, 8. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்புறத்தில், தீயைத் தடுக்கும் சுவருக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் தலையில் வட்டமாக எட்டுத் துளை, நடுவில் காயிலுக்கு ஒன்று, 0.3 மில்லிமீட்டர் ட்ரில்லைக் கையால் உருட்டித்தான் போட வேண்டும். நிஜ ஒயரின் தடிமன் ஏழெட்டு மில்லிமீட்டர், ஆகவே 0.3 மில்லிமீட்டர் ஒயர் கணக்குக்குச் சரி. 5க்கும் 7க்கும் போகும் ஒயர்கள் வரிசையில் அடுத்தடுத்து வரும், தலையிலும் பக்கத்துப் பக்கத்துத் துளையிலிருந்து கிளம்பி ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து ப்ளக்குக்குப் போகும். அதை ஒயரால் கோத்துக்கொண்டிருந்தபோதுதான் மெக்கானிக்குகள் இந்த இரண்டையும் ஒட்டி ஓட விடாமல் ஏன் பிரித்துக் கட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஒன்றின் மின்சாரம் அடுத்ததில் தாவிவிடக் கூடாது. எத்தனையோ முறை படித்த விஷயம், விரலில் செய்தபோதுதான் மனதில் நின்றது.

டயர் விஷயத்தில் எச்சரிக்கை. கிட்டில் வருபவை மிருதுவான வினைல். அந்த வினைலை மெத்தென்று வைத்திருக்கும் ரசாயனம் வருடக்கணக்கில் கசிந்து பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பல வருடங்களுக்கு முன் கட்டி அலமாரியில் வைத்திருந்த ஒரு காரை இடம் மாற்ற எடுத்தபோது சக்கரங்கள் டயருக்குள் மெழுகு மாதிரி உருகியிருந்தன, எவ்வளவு முயன்றும் மீட்க முடியவில்லை. அன்றிலிருந்து சக்கரத்தின் விளிம்பில், டயர் தொடும் இடம் முழுக்க, ஃபாயில் ஒரு சுற்று ஒட்டிய பிறகே டயரை ஏற்றுகிறேன். பெட்டியை உடனே கட்டாமல் வைத்திருக்கப் போகிறவர்கள் டயர்களை முதல் நாளே எடுத்துத் தனிப் பையில் போட்டுவிடுங்கள், கண்ணாடிப் பாகத்தோடு ஒரே பையில் இருந்தால் கண்ணாடியில் டயரின் தழும்பு விழும். வெள்ளைப் பட்டை டயரின் மேலேயே அச்சடித்து வருகிறது, அது கோணல். மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் தாளில் காம்பஸ் கட்டரால் வளையம் வெட்டி ஒட்டினேன்.

டெகால், அதாவது ஒட்டும் அச்சுப் படங்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பந்தய எண்களும் நம்பர் ப்ளேட்டும், நான் ப்ளேட் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

யார் வாங்கலாம்? இதுதான் முதல் கிட் என்றால் வேண்டாம், புதிய அச்சில் வந்த, பசை இல்லாமலே பொருந்தும் கிட் ஒன்றைக் கட்டிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பானெட் இடுக்கிலேயே மனசு உடைந்து பெட்டியை மூடிவிடுவீர்கள். சேஸிஸையும் கீழ் விவரங்களையும் கண்ணாடி வைத்துக் காட்ட ஆசைப்படுபவர்களுக்கும் இது இல்லை. இரண்டு மூன்று கார் கட்டி, மேல்பூச்சில் கை தேர ஆரம்பித்திருப்பவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். நல்ல சேஸிஸ் வேறு கிட்டிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்ளலாம், உட்புறத்தை நாமே கட்டிக்கொள்ளலாம், டயருக்கு வழி இருக்கிறது. தப்பான கூரை வளைவோடு வரும் பாடியை மட்டும் எந்த உப்புத்தாளாலும் நேராக்க முடியாது. இதில் அந்தக் கவலை இல்லை.

கடைசியாக நான் செய்த வேலை, கிட்டில் இல்லாதது. 57ல் பெட்ரோல் மூடி வெளியே தெரியாது, இடது துடுப்பின் பின் விளிம்பில் ஓடும் க்ரோம் பட்டையிலேயே ஒரு சின்னக் கதவாக மறைந்திருக்கும், தெரியாதவர் வண்டியைச் சுற்றிச் சுற்றித் தேடுவார். ஃபாயில் ஒட்டி முடித்த பிறகு, துடுப்பை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, புது ப்ளேடின் முனையால் அந்தப் பட்டையில் குறுக்கே ஒரு கோடு கீறினேன். இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். விளக்கைச் சாய்த்து வைத்தால் தெரிகிறது.